பொட்டு வைத்த பை

போன வாரம் அருள்மொழியை ஒரு கூரியர் பெட்டியோடு வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். ஒரு வாரமாகவா நின்றுகொண்டிருப்பாள்? அன்றைக்கே பிரித்துப் பார்த்துவிட்டாள். உள்ளே இருந்தது ஒரு லெதர் பை.

ஆபீசுக்கு லேப்டாப் எடுத்துப் போவதற்கென்றே செய்தது. தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ளலாம். புளியங்கொட்டை நிறம். பெட்டியின் மேல் 'இளவரசு, சிதம்பரம்' என்று அனுப்பியவர் பெயர் மட்டும் இருந்தது. எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி கிடையாது.

இளவரசு அவள் கணவன். சிதம்பரத்தில் டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, கை நீட்டும் வழக்கம் கிடையாது. ஒரே ஒரு குறை, எதையும் கேட்டுச் செய்ய மாட்டான். ஐந்து மாதத்துக்கு முன்னால், "வீட்டுல சும்மாதான கெடக்குது" என்று அருள்மொழியின் லேப்டாப்பைத் தூக்கித் தன் அக்கா மகனிடம் கொடுத்துவிட்டான். வேலை தேடுவதற்காக அவள் இரவும் பகலும் செய்து வைத்திருந்த மாதிரிப் பக்கங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அன்று சாயங்காலமே கடலூருக்கு பஸ் ஏறியவள், இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள்.

அப்புறம் அவளுக்கு வேலையும் கிடைத்தது. வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துத் தரும் கம்பெனி. லேப்டாப் அவர்களே கொடுத்தார்கள். ஒரு மாதப் பயிற்சியை வீட்டிலிருந்தே முடித்தாள். திங்கட்கிழமையிலிருந்து ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அந்த ஆபீஸ் இருக்கும் ஊர் எது என்று நினைக்கிறீர்கள்? சிதம்பரமேதான்.

லேப்டாப்பை எடுத்துக் கொடுத்த மனிதன் இப்போது லேப்டாப் பை வாங்கி அனுப்பியிருக்கிறான். அதை மாட்டிக்கொண்டு போனால் அவனிடம் திரும்புகிறாள் என்று அர்த்தம். திருப்பிக் கொடுத்தால் இனி ஒன்றுமில்லை என்று அர்த்தம். வீட்டில் இருக்கும் மூன்று பேருக்கும் இது தெரியும். மூன்று பேரும் பையைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

*

திங்கட்கிழமை. ஐப்பசி மாதத்து விடியல். மழை பெய்யலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்தது.

அருள்மொழி சரியாகத் தூங்கவில்லை. புதுத் தோலின் வாசனை அறை முழுக்கப் பரவி, கனவுக்குள்ளும் வந்துவிட்டது. கனவில் அந்தப் பை கெடிலம் ஆற்றில் மூடி திறந்தபடி மிதந்து போனது. அவள் கரையோடு கூடவே நடந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதற்குள் விழிப்பு வந்துவிட்டது.

எழுந்து விளக்கைப் போட்டாள். பையை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

பக்கம் அமைக்கிற பெண் அவள். ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அளந்து பார்க்காமல் ஓர் எழுத்தைக்கூட நகர்த்த மாட்டாள். பையைப் பையாகத்தான் பார்ப்பது, அனுப்பியவனை அதோடு சேர்ப்பதில்லை என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். நல்ல சட்டம்தான். எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுதான் கேள்வி.

தையலைப் பார்த்தாள். நெருக்கமாக, ஒரே சீராக ஓடியிருந்தது. ஓரங்களை மடித்துத் தைத்திருந்தார்கள். தோள்வாரின் இரு முனையிலும் கனமான பித்தளை வளையங்கள். உள்ளே பருத்தித் துணி லைனிங், அதில் பாண்டிக் கடை ஒன்றின் பெயர்ச் சீட்டு, பேனாவுக்கும் போனுக்கும் தனித்தனிப் பைகள், ஜிப் சிக்காமல் ஓடியது. தோளில் மாட்டிப் பார்த்தாள். காலிப் பையே கொஞ்சம் கனம்தான். ஆனால் இடுப்போடு ஒட்டி, பழகிய குழந்தை மாதிரி உட்கார்ந்துகொண்டது. அது பிடித்திருந்தது. பிடித்ததில் அவளுக்கே எரிச்சல் வந்தது.

பிறகு லேப்டாப்பை உள்ளே விட்டாள்.

முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. மெல்ல அழுத்தினாள். இன்னும் கொஞ்சம் இறங்கி, அதற்கு மேல் மாட்டேன் என்றது. பக்கம் அமைக்கிற வேலைக்குப் பெரிய திரை வேண்டும் என்று கம்பெனி பெரிய லேப்டாப்பாகக் கொடுத்திருந்தது. மேல் விளிம்பு வெளியே எட்டிப் பார்க்க, மூடியை எவ்வளவு இழுத்தாலும் பக்கிள் எட்டவில்லை. சார்ஜரை முன்பக்கப் பையில் திணித்தபோது, பை வயிறு முட்டச் சாப்பிட்டதுபோல் உப்பிக்கொண்டது. டிபன் பாக்சுக்கு எப்படியோ ஒரு மூலை கிடைத்தது. தண்ணீர் பாட்டிலுக்கு இடமே இல்லை.

'உன் லேப்டாப் எவ்வளவு பெரிசு?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாண்டி வரைக்கும் போய், கடை கடையாக ஏறி, இவ்வளவு நல்ல பையைத் தேடி வாங்கியிருக்கிறான். கையிலேயே போன் இருந்திருக்கிறது. கேட்கத்தான் தோன்றவில்லை. சட்டம் இவ்வளவு நேரம்தான் நின்றது.

அம்மா பவானி காபியோடு வந்தாள். மகள் முகத்தையும் மூடாத பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தோலுதானடி. போகப் போக எளகும்."

"பையச் சொல்றியா, ஆளச் சொல்றியா?"

"நான் பையத்தான் சொன்னேன். நீ ஏன் எல்லாத்துக்கும் கொக்கி போடற?" என்ற பவானி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அத சாமி ரூம் பக்கம் கொண்டாந்துடாத. தோல் சாமான்."

அப்பா தங்கராசு பல் துலக்கிய வேப்பங்குச்சியோடு உள்ளே வந்தார். பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலை ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகனோடு பேச்சை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. பையோடு அவருக்கு அப்படி ஒரு பகையும் இல்லை. கையில் எடுத்தார். வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஆலை பெல்ட்டை இழுப்பதுபோல் ஓர் இழு இழுத்தார். அது அசையவில்லை. கட்டைவிரல் நகத்தால் மூடியின் ஓரத்தில் ஒரு கீறல் போட்டார்.

"அப்பா!"

"கோடு வுழுந்து, தேச்சா மறையுது பாரு. நல்ல தோலு." வேட்டி மடிப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். "ஒரு ஓரமா லேசாக் காட்டிப் பாத்தா முழுசாத் தெரிஞ்சிடும், தோலா ரெக்சினான்னு."

அருள்மொழி பாய்ந்து பையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தன்னுடையதைப் பிடுங்குவதுபோல் பிடுங்கியதை பவானி கவனித்தாள்.

"பையில ஒரு கொறையும் இல்ல," என்றார் தங்கராசு. "அனுப்புன ஆளுகிட்டதான் கொற." சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அருள்மொழி ஒரு முடிவுக்கு வந்தாள். "அம்மா, இன்னைக்கு ஒரு நாள் மாட்டிக்கிட்டுப் போறேன். பஸ்ஸுல எப்படி இருக்குதுன்னும் பாத்துடறேன். சிதம்பரத்துல எறங்குனதும் அவருகிட்டயே குடுத்துடுவேன். பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லியாச்சி."

"திருப்பிக் குடுக்கவா மாட்டிக்கிட்டுப் போற?"

"ஆமா. பாக்காம வேணாம்னு சொன்னா அது நியாயம் இல்ல."

கொல்லைப்பக்கம் குழாயடியில் தண்ணீர் விழுந்த சத்தம் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விழத் தொடங்கியது.

*

ராகுகாலம் பிறப்பதற்குள் வீட்டை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று பவானி விரட்டினாள். மொபெட்டில் தங்கராசு கொண்டு விட்டார். பை அவர் காலடியில் முன்பக்கம் இருந்தது, அருள்மொழி பின்னால். டிபன் பாக்ஸ், எதற்கும் இருக்கட்டும் என்று மடித்து வைத்த பழைய துணிப்பை, எல்லாம் பைக்குள்ளேயே. தண்ணீர் பாட்டில் மட்டும் கையில். பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடி ஏறினாள். அப்பா ஜன்னல் வழியாகப் பையை நீட்டினார்.

"பத்தரமா போ" என்றார்.

முதுநகர் தாண்டியபோதுதான் தன் மணிக்கட்டில் ஈரமாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். சந்தனம். பையைத் திருப்பினாள்.

மூடியின் நட்டநடுவில் வட்டமாகச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். இன்னும் காயவில்லை.

உடனே போனை எடுத்தாள்.

"அம்மா, பையில பொட்டு வச்சியா?"

"நானா? தோல் சாமானுக்கு யாராச்சும் பொட்டு வைப்பாங்களாடி?" பவானி நிறுத்தினாள். பிறகு அவள் குரல் மாறியது. "ஐயோ, உங்கப்பாவாத்தான் இருக்கும். சந்தனக் கிண்ணம் வெளிய கெடக்குதேன்னு பாத்தேன். அருளு, இங்க பாரு. பொட்டு வச்ச பொருள அப்புறம் திருப்பிக் குடுக்கக் கூடாது. நல்லா இருக்காது."

"அப்பாகிட்ட குடு."

தங்கராசு இருமிக்கொண்டே வந்தார். அந்த வீட்டில் அவர் பொட்டு வைக்காத சாமான் கிடையாது. மோட்டாருக்கு வைப்பார், மிக்சிக்கு வைப்பார், மாற்றி வந்த கேஸ் சிலிண்டருக்கும் வைப்பார். ஆலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். வேலை தொடங்கும் எதுவும் பொட்டில்லாமல் தொடங்கக் கூடாது.

"வேலைக்குப் போற சாமான் பாப்பா. வெறுமன எப்படி அனுப்பறது?"

"இதத் திருப்பிக் குடுக்கத்தான் எடுத்துக்கிட்டுப் போறேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் மறுபடி இருமினார்.

"மறந்துட்டேன்" என்றார்.

பின்னாலிருந்து பவானி, "இவுரா மறக்கற ஆளு" என்றது தெளிவாகக் காதில் விழுந்தது. போன் வைக்கப்பட்டது.

பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டியது. கடைசியில் தூறல்தான் என்று வானம் முடிவு செய்துவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் நீர்க்கோடுகள் இறங்கின. வெளியே சவுக்குத் தோப்பும் வயலும் உப்பங்கழியும் ஒன்றில் ஒன்று கரைந்து ஓடின. மடியில் இருந்த பை அவள் சூட்டை வாங்கிக்கொண்டு வெதுவெதுப்பானது. தோல் வாசனையும் சந்தன வாசனையும் கலந்தபோது, முன்பு எப்போதும் முகர்ந்திராத மூன்றாவது வாசனை ஒன்று எழுந்தது. கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

ஆலையில் அரவை தொடங்கும் நாள். ஆள் உயரச் சக்கரங்கள். பாகு வாசனை. அப்பா ஒரு கிண்ணத்தோடு ஒவ்வொரு சக்கரமாகப் போய்ப் பொட்டு வைக்கிறார். சக்கரங்கள் அசையாமல், நெற்றியை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வரிசையின் கடைசியில் இளவரசு நிற்கிறான். அவனும் நெற்றியைக் காட்டுகிறான். அப்பா அவன் எதிரே போய் நிற்கிறார். விரல் கிண்ணத்துக்குள் போகிறது. மேலே எழும்புகிறது.

"வெள்ளாறு பாலம் வேலை நடக்குது, வண்டி மெதுவாத்தான் போவும்" என்று கண்டக்டர் யாருக்கோ சொன்னார். அருள்மொழி விழித்துக்கொண்டாள். அப்பா பொட்டு வைத்தாரா இல்லையா என்று கனவு காட்டவில்லை.

*

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு ஓரம், டீக்கடைத் தகரத்துக்கு அடியில் இளவரசு நின்றிருந்தான். மழித்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. ஐந்து மாதத்தில் கொஞ்சம் இளைத்திருந்தான். அதைக் கண்டதும் அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அது கோபத்தோடு சேரவில்லை, தனியாக ஓர் ஓரத்தில் வலித்தது.

அவன் கண் நேராகப் பைக்குத்தான் போனது. பொட்டைப் பார்த்தான். முகம் அப்படியே மலர்ந்தது.

"மாமா பொட்டு வச்சிட்டாரு" என்றான். "எனக்குத் தெரியும் அருளு. மாமாவுக்குக் கோவம் ரொம்ப நாள் தங்காது. சாயங்காலம் ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கிறேன், நேரா நம்ம வீட்டுக்குப் போயிடலாம். அம்மாகிட்ட சொல்லி வத்தக்கொழம்பு வைக்கச் சொல்லிட்டேன். மேல் ரூமுல உனக்குன்னு டேபிள் போட்டாச்சி. ஃபேனும் மாத்தியாச்சி."

எல்லாம் ஆகிவிட்டிருந்தது. குழம்பு, டேபிள், ஃபேன். அவள் வருவாளா என்பது மட்டும் அந்த வரிசையில் இல்லை.

"அப்பா உங்களுக்காக வைக்கல. வேலைக்குப் போற எதுக்கும் வைப்பாரு. கேஸ் சிலிண்டருக்குக் கூட" என்றாள் அருள்மொழி.

அவன் முகம் மெல்ல அணைந்தது. அவளுக்குப் பாவமாக இருந்தது. இருந்தாலும் சொல்ல வந்ததைச் சொன்னாள்.

"நீங்க எங்கிட்ட எதையாச்சும் கேட்டது உண்டா?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "சாப்டியான்னு தெனமும் கேப்பேன்."

"அது கேள்வி இல்ல, பழக்கம்." சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து வேகமாகப் பேசினாள். "லேப்டாப்ப எடுத்துக் குடுத்தீங்க, கேக்கல. இப்ப பை வாங்கினீங்க, என் லேப்டாப்பு எவ்ளோ பெருசுன்னு கேக்கல. டேபிள் போட்டிருக்கீங்க, நான் வரேனான்னு கேக்கல."

"நல்லதுன்னு நெனச்சித்தான் செய்றேன்."

"தெரியும். கெட்டதா செஞ்சிருந்தா ஈஸியா இருந்திருக்கும். சண்ட போட்டுட்டு நிம்மதியாப் போயிருப்பேன்."

டீக்கடைக்காரர் கேட்காமலேயே இரண்டு டீ வைத்துவிட்டுப் போனார். இந்த ஊரே இப்படித்தானோ என்று அருள்மொழிக்குத் தோன்றியது. கல் பெஞ்சின் மேல் பையை வைத்துத் திறந்து காட்டினாள்.

"பாருங்க. நல்ல பை. தையல் நல்லா இருக்குது, தோலு நல்லா இருக்குது, பஸ்ஸுல மடியில வச்சிக்கிட்டு வந்தேன், ரொம்ப நல்லா இருந்திச்சி. எல்லாம் நல்லா இருக்குது. இது மட்டும்தான் உள்ள போகல."

வெளியே நீட்டிக்கொண்டிருந்த லேப்டாப் விளிம்பை அவன் பார்த்தான். கையை நீட்டி அழுத்தப் போனவன், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"தோலுதான். போகப் போக எளகும்னு கடைக்காரன் சொன்னான்" என்றான் மெதுவாக.

அருள்மொழி அவனையே பார்த்தாள். அம்மா சொன்னது, கடைக்காரன் சொன்னது, இப்போது இவனும். ஊரே சேர்ந்து அவளைப் பொறுத்துக்கொள் என்கிறது. இளகும்வரை சுமக்க வேண்டியவள் மட்டும் அவள்தானா? அந்தக் கணத்தில் அவளுக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதும் மனசு லேசானது.

மடித்து வைத்திருந்த துணிப்பையை உதறினாள். லேப்டாப்பை உருவி அதில் வைத்தாள். டிபன் பாக்சை வைத்தாள். தண்ணீர் பாட்டிலுக்கும் தாராளமாக இடம் இருந்தது. லெதர் பையை மூடி, அவன் கையில் கொடுத்தாள்.

"திருப்பிக் குடுத்துட்ட" என்றான் அவன். கேள்வியாகக்கூட இல்லை.

"இல்ல. பொட்டு வச்சதத் திருப்பிக் குடுக்கக் கூடாதாம். அதனால இது என் பைதான். எளகுற வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும். நீங்க மாட்டிக்கிட்டு அலைங்க. கடைக்கு, மார்க்கெட்டுக்கு, எங்க போனாலும். எளகுச்சின்னா அப்புறம் பாக்கலாம்."

அவன் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னொண்ணு" என்றாள் அருள்மொழி. "இதையாவது யாருக்கும் தூக்கிக் குடுத்துடாதீங்க."

இளவரசுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அந்த லேப்டாப் விஷயம் அவனுக்கு முழுசாகப் புரிந்தது என்று அவள் நினைத்தாள். நினைக்க ஆசைப்பட்டாள் என்றும் சொல்லலாம்.

அவன் வாரைத் தலை வழியாகப் போட்டுக்கொண்டான். அவள் உயரத்துக்கு வைத்த வார். பை இடுப்புக்கு இறங்காமல் நெஞ்சோரம் தூக்கிக்கொண்டு நின்றது. நட்டநடுவில் அப்பாவின் பொட்டு. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் நீளத்தை மாற்றவில்லை. அப்படியே தூறலில் நடந்து போனான். போகும்போது ஒரு கையை மூடிக்கு மேல் குடைபோல் பிடித்துக்கொண்டான், பொட்டு நனையாமல்.

*

தெற்கு வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடி. அதுதான் ஆபீஸ். ஜன்னலில் கோபுரத்தின் ஒரு துண்டு தெரிந்தது, தூறலுக்குப் பின்னால் யாரோ பாதி அழித்த ஓவியம்போல. மேலாளர் ஜான்சி, ஜன்னலோரமாகவே இடம் காட்டினாள். அருள்மொழி துணிப்பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து வைத்து, முதல் பக்கத்தைத் திறந்தாள். குழந்தைகளுக்கான புத்தகம். ஒரு படகும் நிறைய வானமும். வானத்துக்கு எவ்வளவு இடம் விடுவது என்று பார்க்கப் பார்க்க, காலை முழுவதும் அவளைவிட்டு நழுவிப் போனது. தனக்கென்று ஒரு மேசை, தனக்கென்று ஒரு வேலை. அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் சொல்லாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

திரை மங்கியது. சார்ஜ் தீரப்போகிறது என்று ஓரத்தில் சிவப்பாகக் காட்டியது. துணிப்பைக்குள் கையை விட்டாள். டிபன் பாக்ஸ், பாட்டில், அவ்வளவுதான்.

சார்ஜர் இல்லை.

அது லெதர் பையின் முன்பக்கப் பையில் இருந்தது. அவளே திணித்தது. அந்த வீக்கத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் பையை மூடிக் கொடுத்தாள்.

'மறந்துட்டேன்' என்று அப்பா சொன்ன அதே குரலில் அவளுக்குள் ஏதோ சொன்னது. இவளா மறக்கிற ஆள் என்று கேட்க பவானி பக்கத்தில் இல்லை.

போன் அதிர்ந்தது. இளவரசு. அவன் செய்திகள் எப்போதும் ஒரே மாதிரிதான் வரும். வர்றேன். வாங்கிட்டேன். சொல்லிட்டேன். இப்போது அவன் பெயருக்குக் கீழே எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதினான். மறுபடி நின்றது. ஒரு வரிக்கு இத்தனை நேரமா என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் வந்தது.

'சார்ஜர் பையிலயே இருக்கு. நான் கொண்டு வரட்டுமா?'

கடைசியில் இருந்த கேள்விக்குறியை அவள் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். மூன்று வருஷக் கல்யாணத்தில் அவன் அவளுக்கு அனுப்பிய முதல் கேள்விக்குறி.

ஜான்சி பக்கத்தில் வந்து நின்றாள். "சார்ஜர் இல்லையா? எங்கிட்ட இன்னொண்ணு இருக்குது, இதே மாடல்தான். எடுத்துட்டு வரட்டுமா?"

ஒரே நேரத்தில் இரண்டு பேர் கேட்கிறார்கள். அவளுக்குச் சார்ஜருக்காக இளவரசு தேவையில்லை. அதனால் இப்போது சொல்லப்போகும் பதில் சார்ஜரைப் பற்றியது இல்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

"வேணாங்க. என்னுது வருது" என்றாள்.

"எப்ப?"

"கேட்டிருக்காங்க. நான்தான் சொல்லணும்."

ஜான்சி ஒன்றும் விளங்காமல் சிரித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அருள்மொழி யோசித்து, ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டுமோ அவ்வளவு விட்டு, எழுதினாள்.

'வாசல் வரைக்கும் வாங்க. நானே எறங்கி வந்து வாங்கிக்கறேன்.'

லேப்டாப் அணைந்தது. கறுத்த திரையில் அவள் முகம் தெரிந்தது. கன்னத்தோரம், எப்போது ஒட்டியதோ தெரியவில்லை, கொஞ்சம் சந்தனம். துடைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கீழே மரப்படிக்குப் பக்கத்தில் ஈரச் செருப்புச் சத்தம் கேட்டது. அவளுக்குத் தெரிந்த நடை. வாசலோடு நிற்குமா, கேட்காமல் மேலே ஏறி வந்துவிடுமா? அருள்மொழி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.